500 ரூபாய் அப்ளிகேஷன்... 60 ரூபாய் சான்றிதழ்... லட்ச ரூபாய் சலுகை! பிளஸ் 2 முடித்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

2025-ல் பிளஸ் 2 ரிசல்ட் மே 8-ம் தேதி வந்தது. 'மார்க் எவ்வளவு?' என்று போன் போட்ட சொந்தக்காரர்கள் எல்லாம் அடுத்து 'எந்தக் காலேஜ்?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆரணியை ஒட்டியிருக்கும் சேவூரில், பட்டுத்தறி ஓடும் வீடுகளில், இந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. அப்ளிகேஷன் போட எவ்வளவு ஆகும்? அதற்கு ஏதாவது உதவி கிடைக்குமா?

நெசவுக்கூலி மாதச் சம்பளம் மாதிரி ஒன்றாம் தேதி வருவதில்லை. சேலையை நெய்து, அறுத்து, சொசைட்டியிலோ மாஸ்டர் வீவரிடமோ கொடுத்த பிறகுதான் கையில் காசு. அந்தக் காசு வரும் நாளுக்காக அப்ளிகேஷனின் கடைசித் தேதி காத்திருக்காது. 2025-ல் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மே 27, பொறியியல் கலந்தாய்வுக்கு ஜூன் 6 கடைசி நாளாக இருந்தது.

கட்டணம் என்று பார்த்தால் பெரிய தொகை இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்த மூன்று, நான்கு வருடங்களுக்குக் கிடைக்க வேண்டிய சலுகைகளில் பலவற்றை, இந்த அப்ளிகேஷன் நிரப்பும்போதே கேட்டாக வேண்டும். எந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று குறிக்கிறோம், எந்தச் சான்றிதழை அப்லோடு செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 500 ரூபாயை எப்படிப் புரட்டுவது என்ற கவலையில் அந்தக் கட்டங்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

அப்ளிகேஷனுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும்?

முதலில் குறைந்த செலவு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். சேர டிஎன்ஜிஏஎஸ்ஏ இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். மொத்தம் 50. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 48 ரூபாயும் கிடையாது, 2 ரூபாய் கட்டினால் போதும். சேவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பொதுவாகப் பார்க்கும் செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திருவண்ணாமலை கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி, வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி எல்லாம் இந்த ஒரே இணையதளத்தில் வந்துவிடும். ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் போய் ஃபாரம் வாங்கி வந்த காலம் போய்விட்டது. அந்த பஸ் காசு மிச்சம்.

அடுத்து பொறியியல். டிஎன்இஏ பதிவுக் கட்டணம் 500 ரூபாய். எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. பிரிவினருக்கு 250. ஆரணிக்குப் பக்கத்தில் தச்சூரில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியாக இருந்தாலும், கோவையில் இருக்கும் தனியார் கல்லூரியாக இருந்தாலும், கலந்தாய்வு சீட்டுக்கு இந்த ஒரே விண்ணப்பம்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த 500 ரூபாயில் சலுகை என்பது சாதிப் பிரிவை வைத்துத்தான், வீட்டு வருமானத்தை வைத்து இல்லை. பி.சி., எம்.பி.சி. பிரிவில் வரும் நெசவாளர் குடும்பம் எவ்வளவு கஷ்டத்தில் இருந்தாலும் முழு 500-ஐக் கட்டியே ஆக வேண்டும். பிரிட்டனில் 2025 சேர்க்கையிலிருந்து, பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணமான 28.50 பவுண்டை முழுமையாகத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கட்டண விலக்கு பல வருடங்களாக இருக்கிறது. வருமானம் பார்த்து விலக்கு தரும் அந்த ஏற்பாடு இங்கே விண்ணப்ப அளவில் இல்லை. இங்கே அரசு உதவி எல்லாம் சீட் கிடைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் அந்த உதவிக்கான கதவு விண்ணப்பத்தில் இருக்கிறது.

60 ரூபாய் சான்றிதழ், லட்ச ரூபாய் சலுகை

முதல் பட்டதாரி சலுகையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் அது என்ன, யாருக்கு என்பதில் குழப்பம் நிறைய. 2010-11 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாடு அரசு இதைக் கொடுத்து வருகிறது. குடும்பத்தில் இதுவரை யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால், ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் முதல் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை.

இதற்குச் சாதி வரம்பு இல்லை, வருமான வரம்பும் இல்லை. தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் கிடைக்கும். 'நாங்க பி.சி., எங்களுக்கு வராது', 'பையன் மெட்ரிகுலேஷன்ல படிச்சான், கிடைக்காது' என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இரண்டுமே தவறு.

தொகை எவ்வளவு? தனியார் பொறியியல் கல்லூரிகளில் கலந்தாய்வு சீட்டுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வைத்த வரம்பு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. இதில் முதல் பட்டதாரி சலுகையாகச் சுமார் 25,000 ரூபாய் கழிகிறது. நான்கு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள், ஒரு லட்சம் ரூபாய். இதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்ட வேண்டியது 60 ரூபாய்.

குடும்பம் என்றால் யார் யார்? அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் மட்டும் இல்லை. அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி எல்லோரும் கணக்கில் வருவார்கள். அக்கா பி.காம். முடித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. அண்ணன் ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தாலும் கிடைக்காது. ஆனால் அண்ணன் பாலிடெக்னிக் டிப்ளமோ மட்டும் முடித்திருந்தால் அது பட்டம் இல்லை என்பதால் தடை இல்லை. வீட்டில் ஒரு டிப்ளமோ இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவிட வேண்டாம்.

சான்றிதழ் வாங்க முதலில் இ-சேவை தளத்தில் கேன் எண் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே சாதிச் சான்றிதழ் ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்த எண் இருக்கும். அதன் பிறகு ரேஷன் கார்டு, ஆதார், குடும்பத்தினரின் மாற்றுச் சான்றிதழ்கள், உறுதிமொழி ஆகியவற்றை இணைத்து அனுப்பினால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று நகர்ந்து, மண்டலத் துணை வட்டாட்சியரிடமிருந்து டிஜிட்டல் கையெழுத்துடன் வரும். இதோடு மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியையும் டிஎன்இஏ தளத்தில் ஏற்ற வேண்டும். இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்பா அம்மா படித்த பள்ளியின் டி.சி. எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே பல வீடுகளில் ஒரு நாள் போய்விடும். பள்ளிக்கே போகாத பாட்டி தாத்தா என்றால் உறுதிமொழியில் அப்படியே எழுதிக் கொடுக்கலாம். ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் வருவாய்த் துறையில் ஃபைல் தேங்கும். கடைசித் தேதி வரை இருக்கிறதே என்று கடைசி வாரத்தில் இ-சேவை மையத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2025-ல் சான்றிதழ்களை அப்லோடு செய்ய ஜூன் 9 வரை அவகாசம் இருந்தது. கடைசித் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும் என்றால் சீக்கிரமே விண்ணப்பிப்பது நல்லது.

வேண்டாத சான்றிதழுக்கும் அலைகிறார்கள்

நேட்டிவிட்டி என்கிற இருப்பிடச் சான்றிதழ். 8-ம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் இது தேவையே இல்லை. சேவூரிலும் ஆரணியிலுமே படித்து முடித்த பிள்ளைக்கு எதற்கு? 'எதுக்கும் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க' என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்பதற்காக 60 ரூபாயும் அரை நாள் நெசவும் போகிறது.

வருமானச் சான்றிதழ் அப்படி இல்லை, அது வேண்டும். மாதச் சம்பளச் சீட்டு இல்லாத நெசவாளருக்கு இதில் தயக்கம் வரும். 'கூலி வேலைதானே, என்னன்னு காட்டுறது?' சம்பளச் சீட்டு இல்லாத தொழிலாளிகளுக்கும் வி.ஏ.ஓ. விசாரித்துத்தான் சான்றிதழ் தருகிறார்கள். சொசைட்டி உறுப்பினராக இருந்தால் கூலி பட்டுவாடா விவரம் இருக்கும் பாஸ்புக்கைக் கையில் கொண்டுபோவது உதவும். இந்தச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். போன வருடம் அக்காவுக்கு வாங்கியதை இப்போது வைக்க முடியாது.

அரசுப் பள்ளி மாணவரா? கணக்கே வேறு

6-ம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020-ல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-ல் விரிவானது. இந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். தனியார் பொறியியல் கல்லூரியில் கிடைத்தாலும் இதே கணக்குதான்.

கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் இலவசமாக 8-ம் வகுப்பு வரை படித்து, அதன் பிறகு அரசுப் பள்ளிக்கு மாறிப் பிளஸ் 2 முடித்தவர்களும் இதில் வருவார்கள். இந்த விதி பலருக்குத் தெரிவதில்லை. அதே நேரத்தில் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்கள் இதில் வர மாட்டார்கள். பள்ளிப் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அரசுப் பள்ளிக்கும் அரசு உதவிபெறும் பள்ளிக்கும் உள்ள வித்தியாசம் படிக்கும்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அப்ளிகேஷனில்தான் தெரியும்.

விண்ணப்பத்தில் 6 முதல் 12 வரை எந்தப் பள்ளி, எந்த வருடம் என்று கேட்கும் இடத்தில் ஒரு வருடத்தைத் தவறாகப் போட்டாலும் சரிபார்ப்பில் சிக்கல். பிரவுசிங் சென்டரில் அவசரத்தில் டைப் செய்யும்போது நடக்கும் தவறு இதுதான்.

'ஸ்காலர்ஷிப்' பக்கத்தைத் தாண்டிப் போகாதீங்க

டிஎன்இஏ விண்ணப்பத்தில் உதவித்தொகை விவரம் என்று ஒரு பகுதி வரும். பெற்றோர் தொழில், ஆண்டு வருமானம் கேட்கும். அதற்குக் கீழே மூன்று கேள்விகள் முக்கியம். முதல் பட்டதாரியா? ஏஐசிடிஇ கல்விக் கட்டண விலக்குத் திட்டத்தில் பரிசீலிக்கலாமா? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தகுதி உண்டா?

நடுவில் இருக்கிற ஏஐசிடிஇ திட்டம் பலருக்குத் தெரியாது. கல்லூரிகளில் 5 சதவீதம் கூடுதல் இடங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் ஏற்கெனவே பட்டதாரி இருப்பதால் முதல் பட்டதாரி சலுகை கிடைக்காத இரண்டாவது பிள்ளைக்கு இது ஒரு வழி. இடங்கள் குறைவு, மதிப்பெண் போட்டி இருக்கும். ஆனால் 'ஆம்' என்று குறித்து வருமானச் சான்றிதழ் ஏற்றினால்தான் அந்தப் போட்டியிலேயே பெயர் வரும்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு. பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கும் அவர்கள் நலத்துறையின் உதவித்தொகை இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் இப்போதைக்கு வருமானச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

'சீட் ரெடி, அட்வான்ஸ் மட்டும் கட்டிடுங்க'

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நெசவாளர் வீட்டுக் காசு அதிகம் போவது 500 ரூபாய் அப்ளிகேஷனில் இல்லை, இங்கதான்.

ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து போன் வரும். 'உங்க பையன் மார்க்குக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் இருக்கு. கவுன்சிலிங்ல கிடைக்காது. இப்பவே அட்வான்ஸ் கட்டுனா பிளாக் பண்ணிடலாம்.' நகையை அடகு வைத்தோ, நெய்யப்போகும் சேலைக்கு மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்கியோ கட்டிவிடுகிறார்கள். அப்படி முன்பணம் வாங்கிய குடும்பம், அது தீரும் வரை வேறு இடத்துக்குக் கூலி அதிகம் என்று மாற முடியாது என்பது தறி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த சீட் பெரும்பாலும் மேனேஜ்மென்ட் கோட்டா. அதற்குக் குழு வைத்த வரம்பு ஆண்டுக்கு 85,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 87,000. கலந்தாய்வு சீட்டைவிட ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் கூடுதல். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை இல்லை, 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லை. பிரதமரின் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்திலும் மேனேஜ்மென்ட் கோட்டா சேர்க்கை வராது. அதாவது இதுவரை சொன்ன எல்லாக் கதவும் ஒரே நாளில் மூடிக்கொள்கிறது. அதே கல்லூரியில் அதே பாடப்பிரிவு கலந்தாய்வில் கிடைத்திருக்கக்கூடும் என்பது ஜூலையில்தான் தெரியவரும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் என்ன செய்வது? வகுப்பு தொடங்கும் முன்பே விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் நடைமுறைக் கட்டணம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. யுஜிசியும் 2018-ல் இதைத் தெளிவாக உத்தரவாகப் போட்டிருக்கிறது. ஆனால் ரசீது இல்லாமல் ஏஜெண்ட் கையில் கொடுத்த பணத்துக்கு இந்த விதிகளைக் காட்டி வாதாடுவது கஷ்டம். கட்டியே ஆக வேண்டும் என்றால் கல்லூரி அக்கவுன்ட்டுக்குக் கட்டி ரசீது வாங்குங்கள். அசல் டி.சி.யையும் மார்க்‌ஷீட்டையும் கொடுக்காதீர்கள்.

நெசவாளர் என்பதற்காகவே கிடைக்கும் உதவி

தமிழ்நாடு கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர்கள் நலவாரியம் என்று தனியாகவே ஒரு வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரையுள்ள நெசவாளர்கள் உறுப்பினராகலாம். உறுப்பினரின் பிள்ளைகளுக்குப் பள்ளி இறுதி வகுப்பிலிருந்து கல்லூரி வரை கல்வி உதவித்தொகை உண்டு. விடுதியில் தங்கிப் படித்தால் தொகை சற்றுக் கூடும். பெரிய பணம் என்று சொல்ல முடியாது, முதல் செமஸ்டர் புத்தகச் செலவுக்கு ஆகும். பல வீடுகளில் பதிவு செய்திருப்பார்கள், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதை விட்டிருப்பார்கள். அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். விண்ணப்பம் ஆன்லைனில் போடலாம், சந்தேகத்துக்குத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தை அணுகலாம்.

இன்னொன்று மத்திய அரசின் தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் இருக்கிறது. கைத்தறித் தொழிலாளரின் பிள்ளைகள், குடும்பத்துக்கு இரண்டு பேர் வரை, அரசு அங்கீகாரம் பெற்ற ஜவுளிக் கல்வி நிறுவனங்களில் டிப்ளமோவோ பட்டமோ படித்தால் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை உதவி. சேலத்தில் இருக்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கு நல்ல உதாரணம். தொகை பெரியது, ஆனால் படிப்பு ஜவுளி சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். 'பையன் தறிக்கு வரவேண்டாம்' என்று நினைத்துத்தான் படிக்கவே வைக்கிறார்கள் என்பதால் பல வீடுகளில் இந்தப் பேச்சே எடுபடாது. தறியில் உட்காருவதும் ஜவுளித் தொழில்நுட்பம் படிப்பதும் ஒன்றில்லை என்று பிள்ளைகள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். விவரங்களுக்குக் கைத்தறித் துறை உதவி இயக்குநர் அலுவலகம் அல்லது காஞ்சிபுரத்தில் இருக்கும் நெசவாளர் சேவை மையம்.

இலவசமாக அப்ளிகேஷன் போட்டுத் தருபவர்கள் யார்?

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, போனில் போட்டால் தப்பாகிவிடுமோ என்ற பயம் நியாயமானது. அதற்காகத் தனியார் சென்டருக்குப் போய் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பொறியியலுக்கு மாநிலம் முழுக்க 100-க்கும் மேற்பட்ட டிஎன்இஏ உதவி மையங்கள் இருக்கின்றன. நேரில் போய், அங்கேயே இலவசமாகப் பதிவு செய்யலாம். பட்டியல் டிஎன்இஏ இணையதளத்தில் இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளிலும் சேர்க்கை உதவி மையம் இருக்கிறது. படித்த அரசுப் பள்ளியிலேயே உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியரைக் கேட்டால் உதவுவார்கள். 'நான் முதல்வன்' திட்டத்தின் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் எல்லாம் இதற்காகத்தான்.

ஜிபே, கார்டு எதுவும் இல்லாதவர்கள் வங்கியில் டி.டி. எடுத்து உதவி மையத்தில் கொடுக்கலாம். பொறியியலுக்கு டி.டி. 'செயலாளர், டிஎன்இஏ' என்ற பெயரில் சென்னையில் மாற்றத்தக்கதாக ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் பொறியியல் கலந்தாய்வு இலவச எண் 1800-425-0110. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் உதவி எண் 14417.

ஒரு வீட்டுக் கணக்கு

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும், பி.சி. பிரிவைச் சேர்ந்த ஒரு நெசவாளர் வீட்டு மாணவி என்று வைத்துக்கொள்வோம். பொறியியலுக்கு 500, அரசுக் கல்லூரிக்கு 50. முதல் பட்டதாரி சான்றிதழ் 60, வருமானச் சான்றிதழ் 60. சாதிச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கும். மொத்தம் 670 ரூபாய். உதவி மையத்தில் போட்டால் இதற்கு மேல் பஸ் காசு மட்டும்தான்.

இதோடு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத்தேர்வு அப்ளிகேஷன்களையும் 'சும்மா ஒண்ணு போட்டு வைப்போம்' என்று போட ஆரம்பித்தால் ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். தேர்வாகிவிட்டால் ஆண்டுக் கட்டணம் என்ன என்று பார்த்துவிட்டு, கட்ட முடியும் என்றால் மட்டும் போடலாம். கட்ட முடியாத கல்லூரிக்குப் போடும் அப்ளிகேஷன் கட்டணம் திரும்பி வராது.

அடுத்த வருடம் பிளஸ் 2 போகிறவர்கள் இன்னொரு செலவையும் இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். 2025 நீட் தேர்வுக்குப் பொதுப்பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓ.பி.சி. பிரிவுக்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 1,000. ஜே.இ.இ. மெயின் தேர்வுக்குப் பொதுப்பிரிவு மாணவர்களுக்கு 1,000, மாணவிகளுக்கு 800, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 500. இதிலும் ஒரு சிக்கல். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சான்றிதழை மத்திய அரசுத் தேர்வுகளில் அப்படியே காட்ட முடியாது. ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இந்தத் தேர்வுகளுக்கான விண்ணப்பம் பிளஸ் 2 ரிசல்ட்டுக்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும்.

சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகள் கல்லூரியில் சேர்ந்தால் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்த திட்டம்தான், 2022 செப்டம்பர் 5 முதல் படிப்புக்கான உதவியாக மாறியது. மாணவர்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட் 9-ம் தேதி தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இரண்டிலும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வராத உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம். பட்டப்படிப்பு மட்டும் இல்லை, டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு.

இதற்குக் கல்லூரி வழியாகத்தான் பதிவு செய்வார்கள். பணம் மாணவரின் பெயரில் இருக்கும், ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே வரும். அப்பா அம்மா கணக்குக்கு வராது. பள்ளியில் தொடங்கிய கணக்கு பல மாதம் பயன்படுத்தாமல் முடங்கியிருந்தால், பொறியியல் தரவரிசைப் பட்டியல் வருவதற்குள் வங்கிக்குப் போய் அதை உயிர்ப்பித்து ஆதாரை இணைத்து வைத்துக்கொள்ளலாம்.